சங்கிலியைக் கழற்றியவர் யார்?

நன்னிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பையனுக்கு மனம் பேதலித்துப் போனால், வீட்டார் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. வடமேற்கே போனால் திருவிடைமருதூர். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலோடு நின்றுவிட்டதென்றும், அரசன் வேறு வாசல் வழியாக வெளியேறித் தப்பித்தானென்றும் தலபுராணம் சொல்லும் ஊர். இன்றும் புத்தி சரியில்லாதவர்களை அங்கே பிராகாரம் சுற்றக் கூட்டி வருகிறார்கள். தெற்கே திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாகப் போனால் முத்துப்பேட்டை தர்கா. மதம் பார்க்காமல் வந்து தங்குகிறவர்கள் ஏராளம். கிழக்கே நாகூர். இன்னும் தூரம் போகத் துணிந்தவர்களுக்குத் திருச்சி தாண்டிக் குணசீலம், அங்கே ஒரு மண்டலம் தங்குவது வழக்கம். இவற்றுக்கெல்லாம் பிறகோ, இவற்றோடு சேர்த்தோ, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அது வந்ததே 2010-ல்தான்.

இந்த வரிசையைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நர்சிங் மூன்றாம் ஆண்டில் மனநலப் பாடம் படிக்கிற மாணவிகளில் சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் இத்தனை இடங்களுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: நோயாளி எங்கேயும் தனியாகப் போவதில்லை. அம்மாவோ அண்ணனோ மனைவியோ கூடவே போகிறார், கூடவே தங்குகிறார், சோறு ஊட்டுகிறார், ராத்திரி எழுந்து ஓடினால் பின்னாலேயே ஓடுகிறார். இப்படிக் கூட இருக்கிறவர் செய்கிற காரியத்துக்கு நோயைக் குறைக்கிற சக்தி உண்டா? உண்டென்றால் அது எப்படி வேலை செய்கிறது? மனநலச் செவிலியம் என்ற துறை முழுக்க இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் நிற்கிறது. அதன் வரலாற்றைப் புரட்டினால் விசித்திரமான ஒரு விஷயம் கண்ணில் படும். பக்கத்தில் இருந்தவர் செய்த வேலையின் பலன், திரும்பத் திரும்ப வேறு யாருடைய கணக்கிலோ, வேறு எதனுடைய கணக்கிலோ எழுதப்பட்டிருக்கிறது.

பாடப்புத்தகங்கள் பிலிப் பினேலிலிருந்து தொடங்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸில் மனநோயாளிகளின் சங்கிலியை அறுத்தெறிந்த மருத்துவர் என்பார்கள். அவர் கைநீட்டிக் கட்டளையிட, சங்கிலி கழல்வது போன்ற பெரிய ஓவியங்கள் 19-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டன. நடந்தது வேறு. பிசேத்ர் மருத்துவமனையில் அந்த வேலையைச் செய்தவர் ழான்-பாப்டிஸ்ட் புஸ்ஸான். அவர் மருத்துவர் இல்லை. தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோயோடு அதே மருத்துவமனைக்கு நோயாளியாக வந்து, குணமான பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளிகள் பிரிவின் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். மனைவி மார்கெரித்தும் அவரோடு அங்கே வேலை பார்த்தார். நோயாளிகளை அடிக்கக் கூடாதென்று புஸ்ஸான் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார். குணமானவர்களையே ஊழியர்களாக எடுத்துக்கொண்டார், அவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும் என்பதால். யார் எப்படி இருக்கிறார்கள் என்று குறிப்பும் எழுதி வைத்தார். 1797-ல் அவர் பிசேத்ரில் சங்கிலியைக் கழற்றியபோது பினேல் அங்கே இல்லை. வேறு மருத்துவமனைக்கு மாறிப் போயிருந்தார். தாம் புஸ்ஸானிடம் கற்றுக்கொண்டதைப் பினேல் மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். ஓவியர்கள்தாம் அதைப் படிக்கவில்லை.

அதே காலத்தில், 1794-ல், சென்னைப் புரசைவாக்கத்தில் வாலன்டைன் கனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் மனநோயாளிகளுக்கான ஒரு விடுதியைத் தொடங்கினார். அந்த ஏற்பாடு பல கை மாறி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. 1922-ல் அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது, பிறகு மனநலக் கழகம் ஆனது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயர் சினிமாக்காரர்களின் புண்ணியத்தில் வசவாகிப்போன கதை எல்லோருக்கும் தெரியும். காவிரி டெல்டாவின் நர்சிங் கல்லூரிகளிலிருந்து மனநலப் போஸ்டிங்குக்காக அங்கே போகிற மாணவிகள், போகும்போது வீட்டில் கேட்கிற முதல் கிண்டலும் அதுதான்.

இந்திய மனநலச் செவிலியத்தில் அந்த வளாகத்துக்குத் தனி இடம் உண்டு. வெகுகாலம் இம்மாதிரி விடுதிகளில் இருந்தவர்கள் காவலாளிகள்தாம்: பூட்டுவது, திறப்பது, எண்ணிக்கை சரிபார்ப்பது. 1920-களில் ராஞ்சியில் பெர்க்லி-ஹில் என்ற மருத்துவர் சில மாதப் பயிற்சிகள் நடத்தினார். பிறகு 1943-ல் சென்னை மனநல மருத்துவமனையில் மூன்று மாத மனநலச் செவிலியப் பயிற்சி தொடங்கியது. ஆண் மாணவர்களுக்கு மட்டும்! காரணம் எளிது. செவிலியம் படித்த ஆண்களைப் பிரசவ வார்டுக்குள் விட முடியாது, அந்த இடத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். பேறுகாலப் பாடத்துக்கு ஈடாக மனநலப் பாடம் கிடைத்தது. மூர்க்கமான நோயாளியைப் பிடித்து நிறுத்த உடம்பு வலு வேண்டும் என்ற எண்ணமும் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் அங்கே மனநலச் செவிலியப் பட்டயப் படிப்பும் வந்தது. 1965-ல் இந்திய செவிலியர் மன்றம் பி.எஸ்ஸி. நர்சிங்கில் மனநலத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆண்டுகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறவர்கள் செய்துகொள்ளலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, வலுவைக் கணக்கில் கொண்டு தொடங்கிய ஒரு பயிற்சி எப்படிப் பேச்சைக் கணக்கில் கொள்ளும் படிப்பாக மாறியது என்பது.

அந்த மாற்றத்துக்கு நடுவே இன்சுலின் கோமா சிகிச்சையின் கதை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியோடு முடிந்துவிடும். அதைவிட அதிக இடம் கொடுக்கத் தக்கது.

1930-களின் தொடக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த மான்ஃபிரட் சாகெல், மனச்சிதைவு நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசி போட்டு ரத்தச் சர்க்கரையை வேண்டுமென்றே தாழ்த்தி, நினைவிழக்கச் செய்து, பிறகு சர்க்கரைக் கரைசல் கொடுத்து எழுப்பினார். இதை வாரத்தில் ஐந்தாறு நாள் என்று வாரக்கணக்கில் செய்ய வேண்டும். ஆபத்தான வேலை, எழாமலே போனவர்களும் உண்டு. எனவே இதற்கென்று தனி வார்டு, தனிச் செவிலியர் குழு. நினைவிழந்த நோயாளியின் நாடியை, மூச்சை, வியர்வையை நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டும். எழுந்ததும் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு கொடுத்து, மாலைவரை யாராவது கூடவே இருக்க வேண்டும். வலிப்பு, மறு மயக்கம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பல நோயாளிகள் தேறினார்கள். இன்சுலின் வேலை செய்கிறது என்று உலகமே நம்பியது. தேர்ந்த செவிலியர் இல்லாமல் மனநல மருத்துவம் நடக்காது என்ற எண்ணம் வலுப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1953-ல் ஹெரால்ட் போர்ன் என்ற இளம் மருத்துவர் 'லான்செட்' இதழில் இன்சுலின் ஒரு கட்டுக்கதை என்று எழுதினார். பெரியவர்கள் கோபப்பட்டார்கள். 1957-ல் ஆக்னரும் உடன் பணியாற்றியவர்களும் அதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு இன்சுலின் மயக்கம், இன்னொரு குழுவுக்கு பார்பிட்யூரேட் மருந்தால் மயக்கம். மற்ற கவனிப்பெல்லாம் இரு குழுவுக்கும் ஒன்றே. முடிவில் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் தேறியவர்கள் எதனால் தேறினார்கள்? ஒரு பகுதிக்கு விடை எளிது: தேறக்கூடியவர்களைத்தான் அந்தச் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மீதிக்கு என்ன விடை? ஆயிரக்கணக்கானோர் அடைத்துக் கிடந்த, ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாத மருத்துவமனைகளில், அந்த ஒரு வார்டில் மட்டும் நாளெல்லாம் ஒரு செவிலியர் பக்கத்தில் இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இனிப்பைக் கையில் கொடுத்தார். மருந்து என்று எண்ணியது மருந்தாக இல்லை. மருந்து கொடுக்கத் துணையாக வந்ததுதான் வேலை செய்திருக்கிறது என்று பலர் கருதினார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

போர்ன் அதை எழுதியதற்கு ஓராண்டு முன்பு, 1952-ல், அமெரிக்காவில் ஹில்டகார்ட் பெப்லாவின் நூல் வெளியாகியிருந்தது. பெப்லா 1909-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1918-ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலில் ஜன்னி கண்டு பிதற்றியவர்களைச் சிறுமியாகப் பார்த்தவர், இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் படை மருத்துவமனையில் மனமுடைந்த வீரர்களைக் கவனித்தவர். நூலை 1948-லேயே எழுதி முடித்துவிட்டார். ஒரு மருத்துவரின் பெயர் சேராமல் ஒரு நர்ஸ் தன் பெயரில் மட்டும் கோட்பாட்டு நூல் எழுதுவதா என்ற தயக்கத்தால் நான்கு ஆண்டு கிடப்பில் கிடந்தது. புஸ்ஸானுக்கு நேர்ந்தது ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் மாறவில்லை.

பெப்லா சொன்னதன் சாரம் இது: செவிலியம் என்பது இரண்டு மனிதர்களுக்கு இடையே நடக்கிற ஒன்று, அந்த உறவே சிகிச்சைக் கருவி. கருவி என்றால் அதைப் பழக வேண்டும், அளக்க வேண்டும், எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்று தெரிய வேண்டும். உறவுக்கு நான்கு கட்டங்கள் வகுத்தார். அந்நியர்களாகச் சந்தித்து என்ன பிரச்சினை என்று தெளிவது, இவர் நமக்கு உதவுவார் என்று நோயாளி அடையாளம் காண்பது, அந்த உதவியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்வது, கடைசியாக ஒருவரை ஒருவர் விட்டு விலகுவது. மாணவிகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் கடைசியில்தான். போஸ்டிங் முடிந்து சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். நோயாளிக்கோ, தன்னைக் கைவிட்டவர்கள் பட்டியலில் இன்னொரு பெயர் சேரும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது விவசாயி ஒருவர். "சிஸ்டர், பக்கத்து வயக்காரன் எம் மடைத் தண்ணியில மருந்து கலக்குறான்" என்கிறார். "அதெல்லாம் இல்லீங்கய்யா, சும்மா மனசுல தோணுது" என்று மறுத்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். நீங்களும் எதிரிக் கட்சி. "ஆமாங்கய்யா, மோசமான ஆளா இருப்பான் போல" என்று ஒத்து ஊதினால் நோய்க்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். மூன்றாவது வழி உண்டு. "அப்படித் தோணறப்ப ராத்திரி தூக்கம் வருதாங்கய்யா?" தண்ணீரில் விஷம் இருக்கிறதா என்பதைத் தொடாமல், பயம் இருக்கிறது என்பதைத் தொடுகிற கேள்வி அது. பயம் உண்மை. அதைப் பற்றி இருவரும் பேசலாம்.

எவ்வளவு பேசலாம் என்பதற்கும் பெப்லா அளவு கொடுத்தார். பதற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். லேசான பதற்றத்தில் மனிதன் நன்றாகவே கற்றுக்கொள்வான்; தேர்வுக்கு முந்தைய நாள் மாதிரி. நடுத்தரப் பதற்றத்தில் பார்வை குறுகும், ஆனாலும் சொன்னால் கவனிப்பான். கடும் பதற்றத்தில் ஒரு சின்ன விவரத்திலேயே மனம் சிக்கிக்கொள்ளும். மாத்திரை விளக்கமெல்லாம் காதில் ஏறாது. பீதி நிலையில் எந்த வாக்கியமும் முழுசாகப் போய்ச் சேராது. அப்போது செய்ய வேண்டியது சின்னச் சின்னச் சொற்கள், தாழ்ந்த குரல், கூட்டத்தை விலக்குவது, பக்கத்தில் இருப்பது. மூர்க்கமாக இருக்கிறார் என்று நாலு பேர் சேர்ந்து அமுக்குகிற பல நோயாளிகள் உண்மையில் இந்த நான்காம் படியில் நிற்கிறவர்கள்.

இனி திரும்ப நம் ஊர்க் கோயில்களுக்கு வருவோம். 2002-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பெங்களூர் நிமான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரின் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை, தங்கத் தொடங்கும்போதும் கிளம்பும்போதும் அளவுகோல் வைத்து மதிப்பிட்டார்கள். மந்திரம், சூடு போடுதல் என்று எதுவும் அங்கே இல்லை. வாரக்கணக்கில் இலவசத் தங்கல், கூடவே ஓர் உறவினர், காலையில் ஒரு எளிய பூஜை, பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இடத்தைப் பெருக்குவது மாதிரி வேலைகள். நோய்க் குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. சாமியின் சக்தி என்று இதைச் சொல்ல ஆய்வாளர்கள் முன்வரவில்லை. மிரட்டாத, ஒதுக்காத ஓர் இடம் கொடுத்த பலன் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, ஆகவே பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இன்சுலின் வார்டின் கதையோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் காதில் ஒரே ராகமாகக் கேட்கிறது.

அந்த ஆய்வு அச்சேறுவதற்கு முந்தைய ஆண்டுதான் ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவை ஒட்டி இருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாதென்று தடை போட்டது. வேலாயுதம்பாளையம்புதூரிலும் நம்பிக்கை இருந்தது, ஏர்வாடியிலும் இருந்தது. வித்தியாசம், ராத்திரி நோயாளிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது யார் என்பதில் இருந்தது. ஓரிடத்தில் உறவினர், மற்ற இடத்தில் இரும்பு.

கூட இருப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1952-ல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியபின் மனச்சிதைவு நோயின் போக்கே மாறியது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவது பெரும்பாலோருக்குக் கண்கூடு. கோயிலில் தேறி வந்தவரும் மாத்திரை இல்லாமல் அடுத்த அறுவடைவரை தாங்குவது கடினம். மருந்து வந்தபின் பக்கத்தில் இருப்பவரின் வேலை குறையவில்லை, இடம் மாறியது. இங்கிலாந்தின் வார்லிங்கம் பார்க் மருத்துவமனையில் 1954-லேயே இரண்டு செவிலியர்களை வெளியே அனுப்பி, வீடு திரும்பியவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கச் செய்தார்கள். சமூக மனநலச் செவிலியம் என்ற பிரிவின் தொடக்கம் அது. இந்தியாவில் நேர்மாறாக, வீட்டையே மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார்கள். 1950-களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் உறவினர்களைக் கூடாரம் போட்டு நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் குடும்பத்தோடு தங்கும் ஏற்பாட்டையே தன் அடிப்படையாக வைத்துக்கொண்டது. இட நெருக்கடியும் ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்றாலும், திருவிடைமருதூர்ப் பிராகாரத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைத்தான் அவை மருத்துவத்துக்குள் எடுத்துக்கொண்டன.

குடும்பம் கூட இருப்பது எப்போதும் நல்லதுதானா? லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950-களில் கவனித்த ஒன்று இங்கே உதவும். மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, தனி அறை எடுத்துத் தங்கியவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது! தோண்டிப் பார்த்தால் வீட்டாரின் ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுமீறிய பொத்திப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் காரணமாகத் தெரிந்தன. "மாடு மாதிரி தின்னுட்டுத் தூங்குறான்" என்று அப்பா சொல்வது முதலாவது. நோயின் அறிகுறியும் மருந்தின் மந்தமும் சேர்ந்த அந்தச் சோர்வை அவர் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார். முப்பது வயது மகனுக்கு அம்மா சோறு பிசைந்து ஊட்டுவது மூன்றாவது. செவிலியர் வீட்டாரிடம் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரத்துக்கு இதனால்தான் மருந்துக்குச் சமமான மதிப்பு.

டெல்டாவில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இருமுனை மனநோய்க்கு லித்தியம் கொடுக்கிறோம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல்வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் குறைவு. லித்தியத்தைச் சிறுநீரகம் சோடியத்தைப் போலவே கையாளும். வெயிலில் வேலை செய்து வியர்வையில் உப்பும் நீரும் போய்விட்டால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும், லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். குறுவைக்கு வயலில் நாளெல்லாம் நின்றவர் சாயங்காலம் உடம்பு வலி என்று டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டால் அளவு இன்னும் ஏறும். கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் வீட்டில் சாராயம் குடித்தானோ என்று சந்தேகப்படுவார்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, வலி மாத்திரை என்ன போடுகிறீர்கள், வயலுக்கு எத்தனை செம்பு தண்ணீர் கொண்டுபோகிறீர்கள், கஞ்சியில் உப்பு வழக்கம்போலப் போடுகிறீர்களா என்று கேட்டுவிட வேண்டும். சில மனநோய் மருந்துகள் வியர்ப்பதையே குறைத்து உடம்புச் சூட்டை ஏற்றும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

மனச்சிதைவுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசிக்கும் இதே கணக்குதான். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து, ஊரே நாற்றுப் பறிக்க இறங்குகிற வாரத்தில் ஊசித் தேதி விழுந்தால் அவர் வரமாட்டார், அழைத்து வர வேண்டிய மனைவியும் நடவுக்குப் போயிருப்பார். தேதி எழுதும்போதே நடவு எப்போது என்று விசாரித்து, மருத்துவரிடம் சொல்லிச் சில நாள் முன்னதாகப் போட்டு அனுப்பினால் அந்த மாதம் தவறாது.